தொலைக் கணினிகளின் நேரத்தைச் சரியாகக் கேட்டறிந்த அனுபவம்

நான் பராமரிக்கும் ஆறு லினக்ஸ் சர்வர்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது, கோரிக்கை வருவதற்கு முன்பே அதற்கான பதில் அனுப்பப்பட்டதாக ஒன்றில் பதிவாகியிருந்தது. ஒவ்வொன்றின் நேரத்தையும் அறிய, தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக, நேரத்தைக் காட்டும் ‘டேட்’ கட்டளையை வரிசையாக இயக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். ஆனால் இணைப்பு ஏற்படவே ஓரிரு வினாடிகள் கழிந்ததால், கிடைத்த வேறுபாடு கடிகாரத்தினுடையதா, வலையமைப்பினுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை. நேர மண்டலக் குழப்பம் வேறு.

ஆகவே இணைப்பை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் வினாடிகளாகவே நேரத்தைக் கேட்டு, கேட்பதற்கு முன்பும் பதில் வந்த பின்பும் என் கணினி காட்டிய நேரங்களின் சராசரியோடு அதை ஒப்பிட்டேன். வலையமைப்பு வழியாகக் கணினிக் கடிகாரங்களைச் சரிசெய்யும் என்டிபி நெறிமுறையும் ஏறத்தாழ இவ்வாறுதான் பயணத் தாமதத்தைக் கழிக்கிறது.

ஐந்து சர்வர்கள் ஒரு வினாடிக்குள் ஒத்துப்போக, ஆறாவது மட்டும் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. அதன் ஃபயர்வால், என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123ஆம் போர்ட்டை அடைத்திருந்தது. அதைத் திறந்த பிறகும் என்டிபி வழியாக நேரத்தைச் சரிசெய்யும் குரோனி மென்பொருள் கடிகாரத்தை மெல்லவே நகர்த்தியது. ‘மேக்ஸ்டெப்’ கட்டளையைக் கொடுத்ததும் ஒரே தாவலில் சரியாயிற்று. தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் இப்படிச் செய்ய நான் துணியமாட்டேன். முதலில் தரவுத்தளத்தை நிறுத்திவிடுவேன்.