பிச்சாவரத்தில் ஏறி முத்துப்பேட்டையில் இறங்க

தீவு தீவாகச் சுற்றி, பழைய துறைமுக ஊர்களில் இறக்கிவிட்டு, ராத்திரி படுக்கையும் போட்டுத்தரும் சொகுசுப் படகு நம் டெல்டாக் கரையில் கிடையாது. நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட்டார்கள். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், அது வேறு பயணம். மயிலாடுதுறைக்கு வந்து "போட்டிங் எங்கே மாமா?" என்று கேட்கும் சென்னைச் சொந்தங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: இரண்டு முனையில் இரண்டு படகு, நடுவில் கடலோர ரோடு. மூன்று நாள் போதும்.

தை, மாசியில் கிளம்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். நாகைத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் கட்டிய பெட்டியைப் பிரித்துவிட வேண்டியதுதான். சித்திரையில் உப்பங்கழி நடுவே ஒதுங்க நிழல் இருக்காது.

முதல் நாள் காலை பிச்சாவரம், சிதம்பரத்திலிருந்து 15 கி.மீ. போல. டிக்கெட் வரிசையில் பாதிப் பேர் மோட்டார் படகுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். அது அகல வாய்க்காலோடு சரி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கும் அலையாத்திக் காட்டில் (மாங்குரோவ்), தலையைக் குனிந்து நுழைகிற சந்துகளுக்குள் போவது துடுப்புப் படகுதான். ஏறியதும், "அண்ணே, இப்ப தண்ணி ஏறுதா, வத்துதா?" என்று கேளுங்கள். வற்றுகிற நேரமானால் சுரபுன்னையின் வேர்கள், முழங்காலை மடக்கி நிற்பவை போல வெளியே தெரியும். ஏறுகிற நேரமானால் கிளை முகத்தில் இடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வித்தியாசம் கூடும். எந்த இலையையும் பறிக்க வேண்டாம். தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரம் கோயிலின் தலமரம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. போட்டோ எடுத்து முடித்ததும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவது நம் ஆட்களின் வழக்கம். கரை ஏறும்வரை கழற்ற விடாதீர்கள்.

அங்கிருந்து தெற்கே. பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தை எட்டிப் பாருங்கள். மேட்டூரில் பார்த்தவர்கள், இத்தனை ஒடுங்கிக் கிடக்கும் இதைக் காவிரி என்றால் நம்பமாட்டார்கள்.

ராத்திரித் தங்கல் தரங்கம்பாடியில். காரில் வந்து கோட்டை வாசலில் செல்ஃபி எடுத்துத் திரும்புகிற ஊர் இல்லை அது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் உரிமை வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை மாலை வெயிலில் பாருங்கள். பிறகு ராஜ வீதியில் நடங்கள். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய தேவாலயம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது, 1718ஆம் வருடத்தது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் இந்த ஊரில்தான். மாசிலாமணிநாதர் கோயிலை மறுநாள் விடிகாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் குலசேகரன் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் காரைக்கால், நாகூர், நாகை. பிரெஞ்சுக்காரர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் என்று வரிசையாக ஆண்ட கரை. நாகூரில் தர்காவைப் பார்த்துவிட்டு இறால் வாடா சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைத் தேடி அலைய வேண்டாம். ராஜராஜன் காலத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பியது, மிஞ்சியிருந்த கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தில் வருபவர்களானால் வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் அறை கிடைக்காது.

மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடித்தது. முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே போய் நின்று கேட்காமல் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஜாம்பவானோடையில் படகேறினால் கோரையாற்றோடு போய் லகூனில், அதாவது கடலோரக் காயலில், திறக்கும். பிச்சாவரம் சந்து, இது வெட்டவெளி. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் படகு ஆடும், சாரல் அடிக்கும். அதனால் காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே கடை இல்லை: தண்ணீர், தொப்பி, கட்டுச்சோறு, குப்பைக்கு ஒரு பை. சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள், மிதிக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட காடு இது.

மதியம் கரை ஏறியதும் திருத்துறைப்பூண்டி பஸ்ஸைப் பிடியுங்கள். அங்கிருந்து திருவாரூர் வழியாக மயிலாடுதுறை வந்துவிடலாம்.