பட்டாம்பூச்சிப் படம்: இறக்கை முழுவதும் தெளிவாக விழ

தலை பளிச்சென்று இருக்கும், இறக்கை ஓரம் மங்கியிருக்கும். பட்டாம்பூச்சிப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகின்றன. லென்ஸை மாற்றிப் பயனில்லை. கேமராவைப் பிடித்த கோணம்தான் காரணம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) பூச்சியின் பிம்பம் அதன் நிஜ அளவில் பாதியாக விழும்போது, லென்ஸ் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக வருவது ஏறத்தாழ 3 மி.மீ. ஆழம் மட்டுமே. இறக்கை அந்த 3 மி.மீ.க்குள் அடங்க வேண்டுமென்றால், அதன் பரப்பும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாக வேண்டும்.

இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால் பக்கவாட்டில் நேர் எதிரே இருந்தும், முழுக்க விரித்திருந்தால் மேலிருந்தும் எடுங்கள். கண்ணில் ஃபோகஸ் வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னிறக்கை மங்கலாக இருந்தால், கால் நகராமல் ஓரிரு அங்குலம் இடமும் வலமும் சாய்ந்து மறுபடி எடுங்கள். பாதி விரித்த இறக்கை இரண்டும் ஒருசேரத் தெளியாது. கண்ணையும் அருகிலுள்ள இறக்கையையும் காப்பாற்றினால் போதும். துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கலாம். எஃப் 16-ஐத் தாண்டினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதுமே மழுங்கும்.

90 முதல் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் நல்லது. கூச்சமுள்ள பூச்சிகளுக்கு 300 மி.மீ. டெலி லென்ஸுடன் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே வைக்கும் வெற்றுக் குழாய்) மாட்டலாம். அது மாட்டியிருக்கும்வரை தூரத்துக் காட்சிகளில் ஃபோகஸ் கிடைக்காது.

அமர்ந்திருக்கும் பூச்சிக்கு ஷட்டர் 1/320 நொடிக்குக் குறையக் கூடாது. அழகிகள் (ஸ்வாலோடெய்ல் வகைப் பட்டாம்பூச்சிகள்) தேன் குடிக்கும்போதும் படபடத்துக்கொண்டே இருப்பதால் 1/1000-க்கு மேல் வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 ஆனாலும் தயங்காதீர்கள்: அதனால் வரும் புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை மீட்க முடியாது. கரும்பச்சை இலைமேல் வெள்ளைப் பூச்சி இருந்தால் எக்ஸ்போஷர் திருத்தத்தை -0.7-இல் வையுங்கள், இல்லாவிட்டால் இறக்கை நரம்புகள் வெளுத்துப்போகும்.

காலையில் பறக்குமுன் உடலைச் சூடேற்ற வெயில் காயும் வேளைதான் நெருங்க ஏற்றது. வெயில் ஏறியபின் ஈரமண்ணைத் தேடுங்கள். அங்கே உப்புச்சத்து உறிஞ்சும் பூச்சிகள், பெரும்பாலும் ஆண்கள், சுற்றுப்புறத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

இரண்டு மீட்டர் தொலைவிலேயே கேமராவைக் கண்ணுக்கு உயர்த்திவிட்டு, தாழ்ந்து, அரை அடி அரை அடியாக முன்னேறுங்கள். அருகில் போனபின் கையைத் தூக்கினால் அந்த அசைவே விரட்டிவிடும். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. செடியும் ஆடக் கூடாது.

இனம் அறிவதற்கென்றால் நீலன்கள் (ப்ளூஸ்), தாவிகள் (ஸ்கிப்பர்ஸ்) ஆகிய வகைகளில் இறக்கையின் அடிப்பக்கத்தை முதலில் எடுத்துவிடுங்கள். மேற்பக்கம் மட்டும் பார்த்துப் பல இனங்களைப் பிரிக்க முடியாது.

அசையாமலிருக்கப் பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கம் கொடுமை. செதில் உதிர்ந்து கால் ஒடுங்கிக் கிடக்கும் தோற்றம் படத்திலும் தெரியும்.

பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். எல்லைகாக்கும் ஆண்கள் பெரும்பாலும் அதே கிளைநுனிக்குத் திரும்பும். அந்த நுனியில் ஃபோகஸ் வைத்து, உங்கள் நிழல் அதன்மேல் விழாத இடமாகப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருங்கள்.