லிண்டலில் இறங்காத கார்ட்லெஸ் டிரில்

திரைச்சீலைக் கம்பிக்கு ஓட்டை போட்டபோது, 12 வோல்ட் டிரில் செங்கல்லில் சரசரவென இறங்கியது. ஜன்னலுக்கு மேல் இருக்கும் கான்கிரீட் லிண்டலில் 5 மி.மீ.யோடு நின்றுவிட்டது. பிட் முனை நீலம் பாரித்திருந்தது. அந்த டிரில்லில் ஹேமர், அதாவது சுழலும்போதே முன்னால் இடிக்கும் வசதி, இல்லை. வெறும் சுழற்சி கான்கிரீட்டைத் தேய்க்குமே தவிர உடைக்காது.

18 வோல்ட் ஹேமர் டிரில்லுக்கு மாறியதும் முடிந்தது. கியர் 2, காலர் (டிரில்லின் முன்பக்கம் திருகும் வளையம்) சுத்தியல் படத்தில், கார்பைடு முனையுள்ள 6 மி.மீ. பிட். காலர் எண்களில் இருந்தால், திருகு அளவுக்கு மீறி இறுகாமல் தடுக்கும் கிளட்ச் கடகடவென்று நழுவும். ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கைவிட 10 மி.மீ. கூடுதல் ஆழத்தில் பிட்டில் டேப் சுற்றி, அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தள்ள வேண்டும். சட்டென்று நின்றால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தட்டுகிறது, 3 செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

பெட்டியில் 20 வோல்ட் என்றிருந்தால் மயங்க வேண்டாம். பேட்டரிக்குள் 18 வோல்ட்டில் இருக்கும் அதே 5 செல்தான். முழு சார்ஜில் அளந்த கணக்கு. கட்டில், அலமாரித் திருகுக்கு மட்டும் என்றால் 12 வோல்டே போதும், கையும் வலிக்காது.