சமூக உளவியல் ஆய்வு, கூடவே தெரபி: இந்தப் பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எச்டி. முடித்துப் பெயருக்கு முன்னால் 'முனைவர்' வந்துவிட்டால் தெரபி, அதாவது பேச்சுவழி மனநலச் சிகிச்சை, கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் தவறு அதுதான். மற்றவர்கள் மத்தியில் மனிதர்கள் எப்படி நினைக்கிறார்கள், நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் சமூக உளவியலில் வாங்கும் முனைவர் பட்டம் ஆய்வுக்கானது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக (மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளராக) வேலை பார்க்க, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைகூட உண்டு. இந்தப் பதிவுக்கு முக்கிய வழியாக இருந்த எம்.ஃபில். பட்டத்தை 2022இல் யு.ஜி.சி. நிறுத்தியதிலிருந்து படிப்புகளின் அமைப்பும் மாறி வருகிறது. அதனால் சீனியர் சொன்னார் என்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டில் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

ஆய்வுப் பக்கம் வந்தால், கைடு (ஆய்வு நெறியாளர்) தரும் தரவை அப்படியே வாங்கி எழுதுவது பெரிய ஆபத்து. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடெரிக் ஸ்டாப்பெல் என்ற புகழ்பெற்ற சமூக உளவியலாளர், தானே பள்ளிகளில் திரட்டியதாகச் சொல்லி மாணவர்களுக்குத் தரவு கொடுத்து வந்தார். பல எண்கள் அவரே உட்கார்ந்து எழுதியவை. 2011இல் விஷயம் வெளியே வந்தது. அவருடைய 50க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. எந்தத் தப்பும் செய்யாத மாணவர்களின் பி.எச்டி. ஆய்வேடுகளிலும் அந்தப் போலித் தரவு இருந்தது. நிரப்பப்பட்ட கேள்வித்தாளைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. கைடிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சில பேரிடம் மட்டும் செய்த ஆய்வில் கிடைத்த முடிவை உடனே பெரிதாக அறிவிப்பதும் வேண்டாம். உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். மறுமுறையும் புள்ளியியல்படி தேறியவை சுமார் 36 சதவீதம்தான்.

சரி, இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் சேரும்போது என்ன ஆகும்? என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். தெரபிக்கு வருபவரையே ஆய்வுக்கும் எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். எதிரே உட்கார்ந்து, "உங்கள் கதையை என் கட்டுரையில் பயன்படுத்தலாமா?" என்று நீங்கள் கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? அடுத்த வாரமும் உங்களிடம்தானே வர வேண்டும்? அந்த 'சரி'யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிகிச்சையில் தொடர்பில்லாத ஒருவர் கேட்கட்டும். மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்பதை எழுத்தில் கொடுங்கள். ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி முதல் பேட்டிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். 'தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் கணித ஆசிரியை, கணவர் வெளிநாட்டில், இரட்டைக் குழந்தைகள்' என்று எழுதினால் அந்த ஊரில் யார் என்று தெரியாதவர் இருக்க மாட்டார். பாடத்தை மாற்றுங்கள், ஊரை எடுத்துவிடுங்கள், இரட்டையரை ஒரே குழந்தையாக்குங்கள். விவரங்களை மாற்றியிருப்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அவரிடமே ஒருமுறை படிக்கக் கொடுத்து, வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.