காகித டைனோசர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசை விளையாட்டுக்குக் காகிதத்தில் டைனோசர் செய்யும் பலரும் தாளை வெட்டுவதில்தான் கவனமாக இருப்பார்கள். வெட்டு பிசகினால் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். அளவு பிசகினால்தான் மொத்த விளையாட்டும் கெடும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் மனிதப் பொம்மை பாதத்திலிருந்து கண் வரை 28 மி.மீ. இருக்கும். ஏறக்குறைய 60-ல் ஒரு பங்கு. அதாவது நிஜத்தில் 1 மீட்டர் என்றால் மேசையில் சுமார் 17 மி.மீ. இந்தக் கணக்கில் 12 மீட்டர் நீளமுள்ள டைரனோசரஸ் ரெக்ஸ் 20 செ.மீ. வரும். வெலாசிராப்டர் வால் நுனி வரை சேர்த்தே 2 மீட்டர்தான், ஆகவே 33 மி.மீ. அதன் இடுப்பு, மனிதப் பொம்மையின் முழங்கால் உயரத்துக்கு வந்தால் சரி. சினிமாவில் பார்த்த நினைப்பில் ஆள் உயரத்துக்கு அச்சடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஆளை மிரட்டும் கூட்டம்தான் வேண்டுமென்றால் 3.4 மீட்டர் நீள டைனோனிகஸ் இருக்கிறது. அது போதாதென்றால் யூட்டாராப்டர். எதை எடுத்தாலும் இறகு வரைய மறக்காதீர்கள். வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த முடிச்சுகளை 2007-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கணக்கைச் சரியாகப் போட்டாலும் அச்சில் கோட்டை விடலாம். ஒருமுறை ட்ரைசெரடாப்ஸ் மந்தை ஒன்றை வெட்டி ஒட்டி முடித்த பிறகுதான், எல்லாமே கொஞ்சம் சிறுத்திருப்பதைக் கவனித்தேன். தாளுக்குள் அடங்கும்படி அளவை மாற்றிவிடும் 'ஃபிட் டு பேஜ்' போட்டு அச்சடித்திருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் 'ஆக்சுவல் சைஸ்' என்று கேட்டு வாங்குங்கள். தாளின் ஓரத்தில் 5 செ.மீ. கோடு ஒன்று வரைந்து வைத்து, அச்சானதும் அளந்து பாருங்கள். டிப்ளோடோகஸ் 26 மீட்டர், மேசையில் 43 செ.மீ.; ஏ4 தாளில் அடங்காது. அதற்காகச் சுருக்க வேண்டாம், இரண்டு தாளில் அடித்து வயிற்றுப் பகுதியில் ஒட்டுங்கள். கழுத்திலோ வாலிலோ ஒட்டுப் போட்டால் அந்த இடத்தில் மடங்கிவிடும்.

அடுத்தது நிற்கும் விதம். பழைய படங்களில் டைரனோசரஸ் கங்காருபோல நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நிற்கும். உண்மையில் முதுகு கிடையாக, வால் அந்தரத்தில் இருக்கும். முன்பக்க எடைக்கு வால்தான் ஈடு. அப்படி வரைந்த உருவத்தை மனிதப் பொம்மைக்குரிய வட்ட அடித்தட்டில் நிறுத்தினால் ஃபேன் காற்றுக்கே சாய்ந்துவிடும். இரண்டு கால்களையும் தாங்கும் நீளப் பட்டையாக அடித்தட்டை வெட்டி, அடியில் இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டுங்கள்.

டைமெட்ரோடானை டைனோசர் பெட்டியில் சேர்ப்பதும் தவறுதான். முதுகில் படகுப் பாய் போன்ற அமைப்பு கொண்ட அந்த விலங்கு, முதல் டைனோசர் தோன்றுவதற்கு ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டது. உறவு என்று பார்த்தால் நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் நெருக்கம்.

சரி, இனி கைவேலை. தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்வார்கள்; 80 ஜிஎஸ்எம் தாள் துவண்டுவிடும், 160 ஜிஎஸ்எம் நன்றாக நிற்கும். மடிக்கும் கோட்டில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கீறல் போட்டுவிட்டு மடியுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தனித்தனியாக வெட்டி ஒட்டாதீர்கள், எப்படி ஒட்டினாலும் விளிம்பு பொருந்தாது. மடித்து, ஒட்டி, கனமான புத்தகத்தின் அடியில் காயவைத்து, அப்புறம் இரண்டையும் சேர்த்தே வெட்டுங்கள். இங்க்ஜெட் அச்சென்றால் தண்ணீர்ப் பசை வேண்டாம். மை கசியும், தாளும் நெளியும். க்ளூ ஸ்டிக் போதும்.

வெட்டியதும் வெள்ளையாகத் தெரியும் விளிம்பில் உடல் நிறத்துக்கேற்ற ஸ்கெட்ச் பேனாவைப் பக்கவாட்டில் வைத்து இழுத்துவிடுங்கள். பல்லும் நகமும் வரும் இடங்களை மட்டும் அப்படியே வெள்ளையாக விட்டுவிடுங்கள்.