401கே கணக்கில் வெளிநாட்டு இண்டெக்ஸ் ஃபண்ட்: விலையைப் பார்த்துச் செய்யும் தவறுகள்

பெங்களூரில் பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில், அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே வேலையை விட்டாயிற்று, வீட்டைக் காலி செய்தாயிற்று, 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு மட்டும் அங்கேயே இருக்கிறது. 59½ வயதுக்கு முன்னால் எடுத்தால் பொதுவாக வருமான வரியோடு கூடுதலாக 10% வரியும் கட்ட வேண்டும் என்பதால், பலரும் அதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல முடிவும்கூட.

அந்தக் கணக்கில் ஒரு பங்கு, அமெரிக்கா தவிர்த்த நாடுகளின் பங்குகளை, ஒரு பங்குச்சந்தைக் குறியீட்டை (இண்டெக்ஸை) அப்படியே பின்பற்றி வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கும். குழப்பம் அங்கேதான் வருகிறது. ஜப்பான் ஏறியிருக்கிறது, ஐரோப்பா ஏறியிருக்கிறது, காலையில் செல்போனைத் திறந்து பார்த்தால் ஃபண்ட் இறங்கியிருக்கிறது. ‘கணக்கில் ஏதோ தில்லுமுல்லு’ என்று முடிவு கட்டி, மொத்தத்தையும் விற்று வேறு ஃபண்டுக்கு மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருபது வருடம் கழித்துத் தேவைப்படப் போகிற பணத்தை ஒரு நாள் விலையைத் தவறாகப் புரிந்துகொண்டு நகர்த்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அன்றைய நிக்கேயோடு ஒப்பிடுவது

டோக்கியோ பங்குச்சந்தையின் முக்கியக் குறியீடு நிக்கேய். அதோடு ஃபண்டை ஒப்பிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். கடிகாரத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அமெரிக்க ஃபண்டுகள் பொதுவாக நியூயார்க் நேரம் மாலை 4 மணிக்கு விலை போடுகின்றன. நம் கணக்கில் அது கோடைக்காலத்தில் நள்ளிரவு தாண்டி 1.30, குளிர்காலத்தில் 2.30. டோக்கியோ பங்குச்சந்தை மூடுவது ஜப்பான் நேரம் மாலை 3.30, அதாவது நமக்கு நண்பகல் 12 மணி. (2024 நவம்பருக்கு முன் அது அரை மணி நேரம் முன்னதாகவே மூடிவிடும்.) லண்டன் மூடும்போது நமக்கு கோடையில் இரவு 9, குளிர்காலத்தில் 10. ஆக, நியூயார்க்கில் ஃபண்டுக்கு விலை போடும் நேரத்தில் டோக்கியோவின் கடைசி விலை கோடையில் பதின்மூன்றரை, குளிர்காலத்தில் பதினான்கரை மணி நேரம் பழையது. லண்டன் விலை நாலரை மணி நேரம் பழையது.

இந்த இடைவெளியில் உலகம் சும்மா இருப்பதில்லை. அமெரிக்க மத்திய வங்கி ஏதாவது அறிவிக்கலாம், எண்ணெய் விலை எகிறலாம், வால் ஸ்ட்ரீட் சரியலாம். அப்போது டோக்கியோவின் பழைய விலையை அப்படியே எடுத்துப் போட்டால் அது பொய் விலை ஆகிவிடும். அதனால்தான் பல ஃபண்டுகள் ஃபேர் வேல்யூ என்ற முறையைக் கையாள்கின்றன. டோக்கியோ மூடிய பிறகு ஃபியூச்சர்ஸ் எனும் முன்பேர ஒப்பந்தங்களின் விலை எப்படி நகர்ந்தது, ஜப்பானிய நிறுவனங்களின் பங்குகள் நியூயார்க்கில் ஏ.டி.ஆர். (அங்கே வர்த்தகமாகும் வெளிநாட்டுப் பங்குச் சான்று) வடிவில் என்ன விலைக்குப் போயின, அமெரிக்கக் குறியீடான எஸ் அண்ட் பி 500 எவ்வளவு மாறியது என்பதையெல்லாம் வைத்து, ‘இந்தப் பங்கு இப்போது வர்த்தகமானால் என்ன விலைக்குப் போகும்’ என்று மதிப்பிட்டு அதை விலையில் சேர்க்கிறார்கள். இது அவர்களாக இட்டுக்கட்டிய வழக்கம் இல்லை. சந்தை விலை நம்பத்தக்கதாக இல்லாதபோது நேர்மையாக மதிப்பிட வேண்டும் என்பது அமெரிக்காவின் 1940ஆம் வருட முதலீட்டு நிறுவனச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கான நடைமுறையை 2020 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையமான எஸ்.இ.சி. தனி விதியாகவே வகுத்தது.

ஆனால் இண்டெக்ஸைக் கணக்கிடுகிறவர்கள் இப்படிச் செய்வதில்லை. எம்.எஸ்.சி.ஐ. நிறுவனத்தின் ஈஃபா (அமெரிக்கா, கனடா தவிர்த்த வளர்ந்த நாடுகளின் குறியீடு) போன்ற இண்டெக்ஸ் அந்தந்த ஊர் சந்தையின் முடிவு விலையை அப்படியே எடுத்துக்கொள்ளும். எனவே ஒரே நாளில் இண்டெக்ஸ் ஒரு பக்கமும் ஃபண்ட் இன்னொரு பக்கமும் போவது இயல்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை டோக்கியோவும் லண்டனும் நன்றாக முடிந்து இண்டெக்ஸ் 1% ஏறுகிறது. அப்புறம் நியூயார்க்கில் மோசமான செய்தி. வெளிநாட்டுப் பங்குகள் இன்னும் 1.5% இறங்கும் என்று ஃபியூச்சர்ஸ் காட்டுகிறது. ஃபண்ட் இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய 0.5% இறக்கமாக விலை போடுகிறது. புதன்கிழமை டோக்கியோவும் லண்டனும் எதிர்பார்த்தபடி 1.5% இறங்கி முடிகின்றன, நியூயார்க் அமைதியாக இருக்கிறது. இண்டெக்ஸ் 1.5% இறக்கம், ஃபண்டில் மாற்றமே இல்லை. செவ்வாயன்று திட்டியவர் புதனன்று ‘பரவாயில்லையே’ என்பார். இரண்டு நாளையும் சேர்த்தால் இரண்டுமே ஒரே இடத்தில்தான் நிற்கும்.

டிசம்பர் 31 அன்று இப்படி ஒரு விலகல் வந்தால் அது வருட வருமானத்திலேயே தெரியும். ஃபண்ட் இண்டெக்ஸைவிடப் பின்தங்கியதாகவோ முந்தியதாகவோ தோன்றும். ஜனவரியின் முதல் வர்த்தக நாட்களில் அது நேராகிவிடும். ஆக, ஒரே ஒரு வருட ஒப்பீட்டைக்கூட கொஞ்சம் நிதானமாகத்தான் படிக்க வேண்டும். ஐந்து வருடக் கணக்கில் இந்தச் சத்தம் கரைந்துபோகும்.

அன்றாடம் சரிபார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நிக்கேயைப் பார்க்காதீர்கள். அதே இண்டெக்ஸைப் பின்பற்றி நியூயார்க்கில் வர்த்தகமாகும் இ.டி.எஃப். (சந்தையில் பங்கு போல வாங்கி விற்கப்படும் ஃபண்ட்) அன்று எவ்வளவு மாறியது என்று பாருங்கள். ஈஃபாவுக்கு ஐஷேர்ஸின் இ.டி.எஃப். இருக்கிறது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் மாலை 4 மணி வரை அதன் விலையைத் திருத்திக்கொண்டே இருப்பதால், உங்கள் ஃபண்டின் நகர்வுக்கு அது எவ்வளவோ பக்கத்தில் இருக்கும்.

சந்தையே திறக்காத நாட்களிலும் இதுதான் கதை. 2019ஆம் வருடம் ஜப்பானின் புதிய பேரரசர் பதவியேற்பை ஒட்டி ஏப்ரல் 27 முதல் மே 6 வரை டோக்கியோ சந்தை தொடர்ந்து பத்து நாள் மூடியிருந்தது. ஜப்பானியப் பங்குகளை வைத்திருந்த அமெரிக்க ஃபண்டுகள் அந்த நாட்களிலும் தினமும் விலை போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. நியூயார்க் விடுமுறை என்றால் நேர்மாறாக நடக்கும்: டோக்கியோ என்ன ஆடினாலும் உங்கள் ஃபண்டுக்கு அன்று விலை வராது, மறுநாள் மொத்தமாக வரும்.

பழைய விலையைப் பிடிக்கலாம் என்று நினைப்பது

நேர வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட உடனே சிலருக்கு ஒரு யோசனை வரும்: வால் ஸ்ட்ரீட் ஏறுகிற நாளில் கடைசி நேரத்தில் வெளிநாட்டு ஃபண்டை வாங்கி, மறுநாள் விற்றால் என்ன? இருபது வருடத்துக்கு முன்னால் இது நிஜமாகவே நடந்தது. ஃபண்டுகள் பழைய முடிவு விலையிலேயே யூனிட் விற்றுக்கொண்டிருந்தன. வேகமாக உள்ளே வந்து வெளியே போனவர்கள் எடுத்த லாபம், அசையாமல் இருந்த சாதாரண முதலீட்டாளர்களின் பணத்திலிருந்து போனது. 2003 செப்டம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், கேனரி கேபிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் மீது தொடுத்த வழக்கில் இந்த விளையாட்டு அம்பலமானது. அந்த நிறுவனம் 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இன்று ஃபேர் வேல்யூ அந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்துவிட்டது. மிச்சத்துக்கு வர்த்தகக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டமான டி.எஸ்.பி., மாதத்துக்கு இரண்டு மாற்றங்களுக்கு மேல் கட்டுப்பாடு என்று 2008இல் கொண்டுவந்தது. வேன்கார்டு என்ற ஃபண்ட் நிறுவனத்தில் ஒரு ஃபண்டை விற்றால் 30 நாளுக்கு அதை ஆன்லைனில் திரும்ப வாங்க முடியாது. நம்மைப் போலத் தொலைவில் இருப்பவர்கள் மாட்டிக்கொண்டால், பணம் வேண்டாத ஃபண்டில் ஒரு மாதம் முடங்கும்.

இன்னொன்று, ஆர்டர் போடும் நேரத்து விலை உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அடுத்து வரும் மாலை 4 மணி விலைதான் கிடைக்கும். புதன் காலை 10 மணிக்கு பெங்களூரில் இருந்து விற்கச் சொன்னால், வியாழன் விடிகாலை 1.30 மணிக்கு (குளிர்காலத்தில் 2.30) போடப்படும் விலை. சனிக்கிழமை காலை சொன்னால் செவ்வாய் விடிகாலைதான். திரையில் தெரிவது முந்தைய நாளின் விலை. சில திட்டங்கள் 4 மணிக்கு வெகு முன்பே ஆர்டரை நிறுத்திவிடும், டி.எஸ்.பி.யில் நியூயார்க் நேரம் நண்பகல் 12. உங்கள் திட்டத்தின் கெடு நேரத்தை ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நாணயத்தை மறப்பது

2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. நிக்கேய் 12.4% விழுந்தது, 1987 அக்டோபருக்குப் பிறகு அவ்வளவு பெரிய ஒருநாள் சதவீத வீழ்ச்சி இல்லை. மறுநாளே 10%க்கு மேல் ஏறியது. திங்களன்று யென் டாலருக்கு எதிராக வலுத்திருந்தது. எனவே டாலரில் கணக்குப் பார்க்கிறவருக்கு இழப்பு 12.4% இல்லை, அதைவிடக் குறைவு. தலைப்புச் செய்தியில் வரும் எண் ஜப்பானில் இருப்பவருக்கானது.

நமக்கோ இரண்டு மாற்று விகிதங்கள். யூரோ, யென், பவுண்டு டாலராக மாறுவது ஃபண்டுக்குள் நடக்கிறது. டாலர் ரூபாயாக மாறுவது நம் மனதுக்குள் நடக்கிறது. ஐரோப்பியப் பங்குகள் 4% ஏறி, யூரோ 3% இறங்கினால் ஃபண்டின் டாலர் வருமானம் 0.9%கூட வராது. அதே காலத்தில் டாலர் 83 ரூபாயிலிருந்து 85 ஆனால், ரூபாயில் பார்க்கும்போது 3.3% வந்ததாகத் தெரியும். அதில் பெரும்பகுதி ரூபாய் பலவீனமானதால் வந்தது. பெங்களூரில்தான் ஓய்வுக்காலம் என்றால் கடைசியில் ரூபாய்க் கணக்குதான் முக்கியம், சந்தேகமே இல்லை. ஆனால் ஃபண்ட் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க டாலர் கணக்கையே பார்க்க வேண்டும்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்காதது

ஃபண்டின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ என்று இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. ஈஃபாவில் அமெரிக்கா, கனடா இல்லை; இந்தியா, சீனா இல்லை. தென் கொரியாவை எம்.எஸ்.சி.ஐ. வளரும் சந்தை என்கிறது, இன்னொரு குறியீட்டு நிறுவனமான எஃப்.டி.எஸ்.ஈ. வளர்ந்த சந்தை என்கிறது. அதனால் சாம்சங் ஒரு ‘வளர்ந்த நாடுகள்’ ஃபண்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. டி.எஸ்.பி.யின் ஐ ஃபண்டே 2024இல் ஈஃபாவை விட்டு, அமெரிக்கா, சீனா, ஹாங்காங் தவிர்த்த விரிவான இண்டெக்ஸுக்கு மாறிவிட்டது.

பெரிய நிறுவனங்களின் 401கே திட்டங்களில் இருப்பது பல நேரம் மியூச்சுவல் ஃபண்டே இல்லை, கலெக்டிவ் டிரஸ்ட் (ஓய்வூதியத் திட்டங்களுக்கான கூட்டு முதலீட்டு நிதி). அதற்கு டிக்கர் (சந்தையில் தேடிப் பார்க்கும் சுருக்கப் பெயர்) கிடையாது. டிவிடெண்டைத் தனியாகத் தராமல் யூனிட் விலையிலேயே சேர்த்துவிடுவது அங்கே வழக்கம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் இண்டெக்ஸ் வரைபடம் பெரும்பாலும் டிவிடெண்ட் சேர்க்காத வெறும் விலை. ஒப்பிட வேண்டியது, வெளிநாட்டு வரி பிடித்தம் போக டிவிடெண்டைச் சேர்த்த ‘நெட் டோட்டல் ரிட்டர்ன்’ எண்ணோடு. ஃபண்டின் செலவு ஏற்கனவே விலையில் கழிக்கப்பட்டிருக்கும். அதை இன்னொருமுறை கழிக்க வேண்டாம். யூனிட் விலை 15 டாலர் என்றால் மலிவு, 150 என்றால் விலை அதிகம் என்பதும் கிடையாது.

இங்கிருந்தே வாங்குகிறவர்களுக்கு

401கே இல்லாமல், ஓய்வுக்காலத்துக்காக இந்திய ஃபண்ட் நிறுவனங்களின் எஸ் அண்ட் பி 500, நாஸ்டாக் 100 திட்டங்களில் எஸ்.ஐ.பி. போடுகிறவர்களும் இருக்கிறார்கள். செவ்வாய் மதியம் 3 மணிக்குள் ஆர்டரும் பணமும் சேர்ந்தால் செவ்வாய்க்கிழமை என்.ஏ.வி. (யூனிட்டின் நிகர மதிப்பு) கிடைக்கும். ஆனால் அந்த என்.ஏ.வி. சார்ந்திருக்கும் அமெரிக்கச் சந்தை நமக்கு இரவு 7 மணிக்கு மேல்தான் திறக்கவே செய்யும். முந்தைய இரவு நாஸ்டாக் விழுந்ததைப் பார்த்து ‘விழுந்த விலையில் வாங்கிவிட்டேன்’ என்று நினைப்பது அதனால் தவறு.

என்.எஸ்.இ.யில் வர்த்தகமாகும் வெளிநாட்டு இ.டி.எஃப்.களில் ஆபத்து இன்னும் பெரிது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் மொத்தமாக 700 கோடி டாலர்தான் வெளிநாட்டில் போடலாம் என்ற வரம்பு 2022இல் முட்டியது, இ.டி.எஃப்.களுக்கு 100 கோடி டாலர் தனி வரம்பு. புது யூனிட் உருவாக்க முடியாதபோது, இருக்கும் யூனிட்டுக்குப் போட்டி வந்து சந்தை விலை என்.ஏ.வி.யைத் தாண்டிப் போகிறது. என்.ஏ.வி. 200 ரூபாய் இருக்கும்போது 220 கொடுத்து வாங்கினால், நாஸ்டாக் ஒரு புள்ளிகூட அசையாமலே, பிரீமியம் வடிந்த அன்று 9% போய்விடும். வாங்கும் முன் ஐ.என்.ஏ.வி. (சந்தை நேரத்தில் உடனுக்குடன் காட்டப்படும் என்.ஏ.வி. மதிப்பீடு) பார்க்காமல் பட்டனை அழுத்தாதீர்கள்.

வருமான வரியில் ஒரு விஷயம். ரெசிடெண்ட், அதிலும் ஆர்டினரிலி ரெசிடெண்ட் ஆகிவிட்டவர்கள் வெளிநாட்டுச் சொத்துகளை வருமான வரிப் படிவத்தின் ஷெட்யூல் எஃப்.ஏ.வில் காட்ட வேண்டும். அங்கே கேட்கப்படுவது நம் நிதியாண்டுக்கு அல்ல, டிசம்பர் 31இல் முடியும் காலண்டர் வருடத்துக்கு. அந்த வருடத்தின் உச்ச மதிப்பும் முடிவு மதிப்பும், எஸ்.பி.ஐ.யின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (டி.டி.) பையிங் விகிதத்தில் ரூபாயாக மாற்றி. டிசம்பர் 31 தேதியிட்ட விலை நமக்கு ஜனவரி 1 விடிகாலைக்குப் பிறகுதான் வரும். அதையே எடுக்க வேண்டும், 31ஆம் தேதி பகலில் திரையில் இருந்ததை அல்ல. அந்தக் காலாண்டு அறிக்கை வந்த உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிறுவனம் கணக்கு நிர்வாகியை மாற்றிவிட்டால், பழைய தளத்தில் உங்கள் பாஸ்வேர்டு வேலை செய்யாமல் போகலாம்.