அப்பத்தாவின் பென்டிரைவ்

பார்வை மங்கிய அப்பத்தா கணினிப் பக்கமே வரமாட்டார். அவருக்காக ஒரு தொடர்கதையை, எழுத்தை வாசித்துக் காட்டும் ஈஸ்பீக் மென்பொருளில் ஒலியாக்கி, எம்பி3 ஆக மாற்றி, பென்டிரைவில் போட்டு ரேடியோவில் செருகினேன். "என்னய்யா, இந்த ஓட்டம் ஓடுது?" என்றார். நிமிடத்துக்கு 175 சொல் என்ற இயல்பு வேகத்தை 120 ஆகக் குறைத்ததும் முகம் தெளிந்தது.

ஆனால் முதல் அத்தியாயம் முடிந்ததும் ஏழாவது பாடியது. 01, 02 என்று பெயர் வைத்தும் பலனில்லை. அப்புறம்தான் புரிந்தது: அந்த ரேடியோ பெயரைப் பார்ப்பதில்லை, கோப்புகள் பென்டிரைவில் ஏறிய வரிசையில்தான் பாடுகிறது. பென்டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து காலியாக்கி, ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றினேன். சரியாகிவிட்டது.

பிளே பொத்தானில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் மேடாகக் காய்ந்திருக்கிறது. விரலால் தடவியே கண்டுபிடித்து அழுத்துகிறார். இப்போது பத்தாவது அத்தியாயம்.